சிற்றிலும் சிறுதேரும்

(தமிழ்க் குடும்பங்களின் ஒன்றுகூடலில் ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)



‘இல்லமும் தமிழும்’ என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கின்றீர்கள். தமிழைக் காப்பதுபற்றிப் பேசும்போதெல்லாம் நாம் ஆட்சிமன்றத்தையும் வழக்குமன்றத்தையும் பள்ளியையும் கோயிலையும் பேசுகின்றோம். பேசத்தான் வேண்டும். ஆயினும் அவற்றுக்கெல்லாம் முற்பட்ட இடம் ஒன்றுண்டு. அது குழந்தை தவழும் வீடு. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தமிழைப் படிப்படியாகக் கட்டாயப் பாடமாக்க 2006இல் சட்டம் வந்தது. அடுக்களையிலும் திண்ணையிலும் தமிழைக் கட்டாயமாக்க எந்தச் சட்டத்தாலும் இயலாது. அங்கே சட்டமியற்றுவோர் பெற்றோரே.

நம் இயக்கத்தின் பிறப்பை எண்ணிப்பாருங்கள். 1916ஆம் ஆண்டு மறைமலையடிகளாரும் அவர்தம் மகள் நீலாம்பிகையாரும் வள்ளலார் பாட்டொன்றைப்பற்றி உரையாடினார்கள். அப்பாட்டில் ‘தேகம்’ என்று நின்ற இடத்தில் ‘யாக்கை’ என்னும் தமிழ்ச்சொல் நின்றிருந்தால் எத்துணை நன்றாயிருக்கும் என்றார் தந்தையார். அங்கே தொடங்கிற்று தனித்தமிழ். மாநாட்டில் அன்று, தீர்மானத்தால் அன்று, தந்தையும் மகளும் பேசிய பேச்சில் பிறந்தது. அந்தப் பேச்சு நம் வீடுகளில் இன்று நிகழ்கின்றதா என்பதே என் வினா.

குழந்தையின் வளர்ச்சியையே இலக்கிய வகையாக்கியது தமிழ். 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் தொட்டு எத்தனையோ பிள்ளைத்தமிழ் நூல்கள் தோன்றின. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களையும் நீங்கள் அறிவீர்கள். ஒரு காலை மடித்து, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் ஊன்றிக் குழந்தை தலைநிமிர்த்தி அசைவது செங்கீரை. நாவசைத்துப் பாடித் துயிற்றுவது தால். தால் என்றால் நா. கைகொட்டுவது சப்பாணி. நிலவை விளையாட அழைப்பது அம்புலி. இவற்றைப் புலவர்கள் ஏட்டிலிருந்தா எடுத்தார்கள்? முற்றத்திலிருந்து எடுத்தார்கள். அந்த முற்றம் இன்னும் முழுதும் அழிந்துவிடவில்லை. தொல்காப்பியர் கூறிய ஆறு பெரும்பொழுதுகளின் வழியே அதனைக் காட்டுகின்றேன்.

ஆவணியும் புரட்டாசியும் கார். மழைக்குத் தமிழில் எத்தனை பெயர்! துளி வீழ்ந்தால் தூறல். மலைப்பக்கக் காற்றோடு வந்தால் சாரல். விடாது பெய்தால் அடைமழை. தாளில் கப்பல் செய்து தெருநீரில் விடும் குழந்தைக்கு இச்சொற்களைக் கற்பிக்க நூல் வேண்டுவதில்லை. உடன் நிற்கும் தாயோ தந்தையோ வாய்திறந்தால் போதும்.

ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். கார்த்திகை விளக்கீட்டை அகநானூறு பேசுகின்றது. வடதமிழ்நாட்டுச் சிற்றூர்களில் அந்நாளில் சிறுவர் மாவலி சுற்றுவர். ஆண்பனையின் பூவைச் சுட்டுக் கரியாக்கி, இடித்துத் துணியில் பொதிந்து, பிளந்த பனைமட்டையின் இடையே வைத்துக் கட்டிக் கயிற்றில் பிணைத்துச் சுழற்றினால், தீப்பொறி பூவாய்ச் சிதறும். கடையில் வாங்கும் வெடி நொடியில் முடிந்துவிடும். மாவலி செய்யவோ பாட்டன் வேண்டும், பனை வேண்டும், பல நாள் உழைப்பு வேண்டும். அந்நாள்களில் பாளை, மட்டை, கருக்கு என்னும் சொற்களெல்லாம் பாட்டன் வாயிலிருந்து பெயரன் செவிக்குச் சென்று சேரும்.

மார்கழியும் தையும் முன்பனி. தைப்பொங்கலைப்பற்றி உங்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டா. தை முதல்நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று 2008இல் சட்டம் வந்தது; 2011இல் மற்றொரு சட்டம் அதனை நீக்கிற்று. வீட்டு முற்றத்தில் பிள்ளைகள் கொண்டாடும் புத்தாண்டை நீக்க எவராலும் இயலாது. நான் சிறப்பாகச் சொல்ல விரும்புவது நெல்லைப் பக்கத்துச் சிறுவீட்டுப் பொங்கல். மார்கழி முழுதும் வாயிற்கோலத்தில் சாணியுருண்டைமேல் பூச்சூட்டிய சிறுமியர், தையில் முற்றத்தில் மண்ணால் சிறுவீடு கட்டி, சிறு பானையில் தாமே பொங்கலிடுவர். சிறுவீடு என்பது என்ன? சிறுமை கூட்டல் இல்: சிற்றில்! பிள்ளைத்தமிழில் சிறுமியர் மணலால் கட்ட, குறும்பன் காலால் சிதைக்க வருகின்றானே, அந்தச் சிற்றிலேதான். பேராசிரியர்கள் உரையெழுதி விளக்கும் பருவத்தை, எழுத்தறியாப் பாட்டியொருத்தி பெயர்த்தியைக் கொண்டு ஆண்டுதோறும் கட்டி எழுப்புகின்றாள்.

மாசியும் பங்குனியும் பின்பனி. வீடுகளில் புளி உடைக்கும் காலம். கொட்டையெல்லாம் பிள்ளைகளுக்கு. பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழி, குழிக்கு ஐந்தாக எழுபது முத்து. பல்லாங்குழி ஆடும் பிள்ளைக்குக் கூட்டலும் கழித்தலும் தமிழிலேயே விரல்வழி ஏறுகின்றன.

சித்திரையும் வைகாசியும் இளவேனில். பள்ளி விடுமுறை, பாட்டி வீடு. குரும்பை நுங்காகி, நுங்கு பழமாகி, பழத்தின் கொட்டை மண்ணில் புதைந்து கிழங்காகும் வரலாற்றை அங்கே கற்கலாம். உறவுமுறையையும் அங்கேதான் கற்க வேண்டும். பழந்தமிழில் என் தாய் யாய், உன் தாய் ஞாய், அவன் தாய் தாய். அத்துணை நுட்பமாக உறவை வகுத்த மொழி இது. இன்றோ பெரியப்பாவும் சித்தப்பாவும் மாமாவும் ‘அங்கிள்’ என்னும் ஒரே குழியில் வீழ்ந்தார்கள். அத்தையும் பெரியம்மாவும் சித்தியும் ‘ஆன்ட்டி’ ஆனார்கள். சொல் போனால் உறவும் போகும். அத்தை என்று அழையாத பிள்ளைக்கு அத்தையின் உரிமை எங்ஙனம் விளங்கும்?

ஆனியும் ஆடியும் முதுவேனில். ஆடிப் பதினெட்டாம் நாள் காவிரிக் கரைக்குச் செல்லுங்கள். புதுப்புனல் காணப் போகும் சிறுவர்கள் மரத்தாலும் தட்டையாலும் செய்த சிறு சப்பரங்களை இழுத்துச் செல்வார்கள். பிள்ளைத்தமிழின் பத்தாம் பருவமாகிய சிறுதேர், தெருவில் உருண்டு போவதைக் கண்ணாரக் காணலாம்.

பெருமக்களே! இவற்றைப் பழம்பெருமை பேசுவதற்காக அடுக்கவில்லை. முப்பதாண்டுக்கு மேலாக வகுப்பறையில் நிற்கின்றேன். முன்னெல்லாம் ‘பாளை’ என்று நான் சொன்னால், பிள்ளைகள் எனக்கே பனையேறும் கதையைச் சொல்வார்கள். இன்று அச்சொல்லுக்குப் பொருள் எழுதிப்போட வேண்டியிருக்கின்றது. எழுதிப்போட்ட பின்னும் அவர்கள் கண்ணில் எந்தப் படமும் எழுவதில்லை. வீடு ஊட்டாத சொல்லைப் பள்ளி அகரமுதலியிலிருந்து எடுத்துத் தருகின்றது. அது மனப்பாடமாகும், மொழியாகாது.

கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இங்கிருப்போரிலும் மேடையில் தமிழும் மடியில் ஆங்கிலமும் வைத்திருப்போர் உண்டு. மூன்றகவைப் பிள்ளையை விருந்தினர் முன் நிறுத்தி ஆங்கிலச் சிறுபாட்டை ஒப்பிக்கச் செய்து மகிழ்கின்றோம். ஆங்கிலம் கற்பதை நான் தடுக்கவில்லை. மொழியாகக் கற்கட்டும், உரிய அகவையில் கற்கட்டும், நன்றாகவே கற்கட்டும். தாய்ப்பாலின் இடத்தில் அதனை வைக்க வேண்டா என்கின்றேன்.

இன்னொன்று. பிள்ளைக்குத் தமிழூட்டும் பொறுப்பைத் தாயின் தலையில் ஏற்றிவிட்டு, ஞாயிறுதோறும் கூட்டத்திற்குப் புறப்பட்டுவிடும் தந்தையரை நான் அறிவேன். அவள் அடுக்களைக்கும் அலுவலகத்துக்கும் இடையே அல்லாடுகின்றாள். அழும் பிள்ளையின் கையில் கைப்பேசி ஏறுகின்றது. தந்தையரே! திங்களில் ஒரு கூட்டத்தை விடுங்கள். அந்நாளில் பிள்ளையின் கையைப் பற்றி ஏரிக்கரைக்குச் செல்லுங்கள். கண்ட மரத்தின் பெயரைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் அங்கு ஆடு மேய்க்கும் பெரியவரைக் கேளுங்கள். நீங்கள் கேட்பதைப் பிள்ளை பார்க்கட்டும். இரவில் ஒரு கதை சொல்லுங்கள். அடுத்த கார்த்திகைக்கு ஒரு மாவலி, அடுத்த தைக்கு ஒரு சிறுவீடு, அடுத்த ஆடிக்கு ஒரு சிறுதேர் என்று உறுதிகொள்ளுங்கள். நகரத்து மாடிவீட்டில் முற்றமில்லை என்பீர்கள். மொட்டைமாடியில் ஒரு கூடை மண் போதும்.

பெரும்பொருள் வேண்டும் பணியன்று இது. ஆட்சியாளரின் இசைவும் வேண்டுவதில்லை. இன்றிரவே தொடங்கலாம். நிலாக் காலமாயின் குழந்தையைத் தோளில் ஏந்தி அம்புலியைக் காட்டுங்கள். தமிழில் அழையுங்கள்.

வீடு தமிழாகட்டும்! நாடு தமிழாகும்!