சிப்பாய்கள் குடியேறிய மலை

 

1945-ல் இரண்டாம் உலகப் போர் முடிந்தது. ஊர் திரும்பிய சிப்பாய்களுக்குப் பிழைக்க வழி வேண்டுமே! அன்றைய சென்னை மாகாண அரசு, மலபார் மாவட்டத்தின் வயநாட்டில் அவர்களுக்கு நிலம் ஒதுக்கிக் குடியேற்றியது. காடும் மலேரியாவும் மிரட்டிய மலை அது. அவர்களுக்கு நாற்றும் கன்றும் கொடுக்க, 1946-ல் அங்குள்ள அம்பலவயலில் ஒரு பண்ணை தொடங்கினார்கள். இன்று அது கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம். அங்கே நடக்கும் மலர்க் கண்காட்சிக்குக் கூட்டம் அலைமோதும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. வயநாட்டுக்கு அலை அலையாக ஆட்கள் வந்து குடியேறியதில், பணியர் போன்ற பழங்குடிகள் தங்கள் மண்ணிலேயே நிலமற்றவர்கள் ஆனார்கள். வந்தவர்களுக்கு விழா எடுக்கும்போது, இருந்தவர்களையும் மேடையேற்றுவதுதானே முறை?