அஞ்சுதல் இழிவன்று
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது நம் வழக்கம். இன்று லாரி ஓட்டும் தொழிலைப் பற்றிப் பேச விழைகின்றோம். இது நம் வாழ்வுக்குப் புறம்பான பொருளன்று. 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் தம் படையைச் சீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றினர். அப்படையோடும் அதன் பின்னும் தமிழ்க் குடும்பங்கள் பல இந்தத் தண்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தன. 1864-இல் சோலையார்பேட்டையிலிருந்து இருப்புப்பாதையும் வந்தது. சரக்கை ஏற்றுவதும் இறக்குவதும் ஊர்விட்டு ஊர் கொண்டு சேர்ப்பதும் அன்றுதொட்டு நம்மவர் அறிந்த தொழில்கள். காக்ஸ் டவுன் சந்தையில் நாம் வாங்கும் அரிசிக்கும் வெங்காயத்துக்கும் பின்னால், இரவெல்லாம் கண்விழித்த ஓர் ஓட்டுநர் இருக்கின்றார்.

நம் வீட்டுப் பிள்ளைகளில் சிலர் இன்று அத்தொழிலில் அடியெடுத்து வைக்கின்றனர். 20 வயது நிறைந்து, இலகு ரக வண்டி ஓட்டும் உரிமத்தை ஓராண்டேனும் வைத்திருந்தவரே கனரக வண்டி ஓட்டக் கற்கலாம் என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் விதி. ஆனால் உரிமம் கைக்கு வந்த அன்றே துணிவு நெஞ்சுக்கு வந்துவிடுவதில்லை. இரண்டு அச்சு லாரி சரக்குடன் 18.5 டன் வரை எடை கொள்ளலாம் என்று 2018-இல் வரம்பு வகுத்தனர். ஏறத்தாழப் பதினெட்டுச் சிறு கார்களின் எடை அது! அதனை முதன்முறை தனியே நகர்த்தும் இளைஞருக்குக் கை வியர்க்கும், நா உலரும். குறுகிய தெருவும், பின்னால் ஓயாது ஒலிக்கும் ஹார்னும் அவர் நெஞ்சை உலுக்கும்.

இந்த அச்சம் இழிவானதா? அஞ்சத்தக்கதற்கு அஞ்சாமல் இருப்பதை வள்ளுவர் வீரம் எனப் போற்றவில்லை; அறியாமை என்றே இடித்துரைத்தார். அக்கருத்தை அவர் அறிவுடைமை என்னும் அதிகாரத்தில் வைத்திருப்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. அச்சத்தினால் விளையும் கேட்டைவிட, அதனை மறைப்பதனால் விளையும் கேடே பெரிது. அஞ்சுகின்றேன் என்று சொல்லக் கூசுபவர், தெரியாததை எவரிடமும் கேட்கமாட்டார். கேளாதவர் கற்பது எங்ஙனம்?

முன்னாளில் இதற்கு ஒரு வழி இருந்தது. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி ஆகிய ஊர்களின் லாரித் தொழிலில் இளைஞர்கள் முதலில் கிளீனராகச் சேர்ந்தனர். வண்டியைக் கழுவி, தார்ப்பாய் கட்டி, பின்னோக்கி எடுக்கும்போது இறங்கி நின்று வழி சொல்லி, மூத்த ஓட்டுநரின் கையையும் காலையும் நாள்தோறும் கண்டு பழகினர். ஆளரவமற்ற சாலையில் சிறிது நேரம் ஸ்டியரிங்கும் அவர்கள் கைக்கு வந்தது. இன்று பல லாரிகளில் கிளீனர் இல்லை. புதியவருக்குப் பக்கத்து இருக்கையில் ஆசிரியரும் இல்லை.

ஆதலின் அச்சத்தைப் பகுத்துப் பார்க்கக் கற்றல் வேண்டும். வண்டியைப் பின்னோக்கி எடுக்க அச்சமா? நிறுத்துங்கள், இறங்குங்கள், ஒருமுறை சுற்றி வந்து பாருங்கள். கண்ணாடியில் தெரியாத இடத்தில் ஒரு குழந்தை நிற்கக்கூடும். நெரிசலில் அச்சமா? மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் கடந்துவிடுகின்றது. முன்வண்டிக்கும் உங்களுக்கும் இடையே தாராளமாக இடம் விடுங்கள். பின்னால் ஹார்ன் அடிப்பவர் உங்கள் எசமானர் அல்லர்.

இறக்கத்தில் அச்சமா? இதனைச் சற்று விரித்துரைப்போம். நம் ஊரிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகச் சேலம் செல்லும் நெடுஞ்சாலையில் தொப்பூர்க் கணவாய் உள்ளது. சேலம் நோக்கிச் செல்வோர்க்கு அது நீண்ட இறக்கம். 2020-இலும் 2024-இலும் அங்கே கட்டுப்பாடு இழந்த லாரிகள் முன்னிருந்த வண்டிகள்மேல் மோதி உயிர்களைக் குடித்தன. டீசலை மிச்சப்படுத்த எண்ணி நியூட்ரலில் இறங்குவோர் உளர். அப்போது வண்டியின் முழுச் சுமையையும் பிரேக்கே தாங்க வேண்டியதாகின்றது. ஓயாது அழுத்த அழுத்த அது சூடேறிப் பிடிப்பை இழக்கின்றது. பிறகு மிதித்தாலும் பயனில்லை. இறக்கம் தொடங்கும் முன்பே தாழ்ந்த கியருக்கு வந்துவிட்டால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கை விட்டு விட்டு அழுத்தினால் போதும். காற்றழுத்தம் காட்டும் முள்ளின்மீதும் ஒரு கண் இருத்தல் வேண்டும். இவ்வளவும் அறிந்து, அஞ்சியபடியே மெல்ல இறங்குபவர் சேலம் சேர்வார்.

அச்சத்தை விரட்ட மதுவை நாடுவோரும் உண்டு. 100 மில்லிலிட்டர் குருதியில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருப்பின் குற்றம் என்கின்றது சட்டம். மது அச்சத்தைப் போக்குவதில்லை. அச்சம் தரும் எச்சரிக்கையைத்தான் போக்குகின்றது. உறக்கமின்மையும் அத்தகையதே. ஐந்து மணி நேரம் உழைத்தவர்க்கு அரை மணி நேரமேனும் ஓய்வு வேண்டும் என்று 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அதன் இடத்தில் 2020-ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் இயற்றப்பட்டாலும், உடலின் தேவை மாறிவிடவில்லை.

தாய்மார்களே! பெரியோர்களே! இனி நம் கடமைக்கு வருவோம். இரவில் ஓட்டியவர் பகலில் உறங்குவார். அவ்வீட்டின் அருகே ஒலிபெருக்கியை அடக்குவோம். ரேஷன் கடைக்குப் போய்வர அவரை எழுப்பாதிருப்போம். ஓட்டும் நேரத்தில் தொலைபேசியில் அழையாதிருப்போம். “இதற்கா பயம்?” என்று நகைக்காதிருப்போம். “இந்த லோடு இன்று என்னால் ஆகாது” என்று சொல்லி ஒரு பிள்ளை வெறுங்கையோடு வீடு திரும்பினால், அன்றைய கூலி போயிற்றே என்று கடிந்துகொள்ள வேண்டா. முன்னே சோறிடுங்கள், பிறகு காரணம் கேளுங்கள்.

நம் குடியிருப்பில் பல்லாண்டு வண்டி ஓட்டி ஓய்ந்த பெரியவர்கள் இருக்கின்றனர். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் சங்கக் கட்டடத்தில் அமர்ந்து புதியவர்களின் ஐயங்களைக் கேளுங்கள். உங்கள் வெற்றிகளைச் சொல்வதற்கு முன், உங்களுக்கும் கை நடுங்கிய நாளைச் சொல்லுங்கள். அதனைக் கேட்டால்தான் அவர்கள் வாய் திறப்பார்கள். வரும் ஞாயிறே தொடங்கலாம்; நாற்காலிகளை நாம் எடுத்துப் போடுகின்றோம்.