ஒருவருக்கு ஒருவர் மருந்து



மது அருந்தலாகாது என்று அறிவுறுத்தும் நூல்கள் நம்மிடம் பல உள்ளன. வள்ளுவப் பெருந்தகை கள்ளுண்ணாமைக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். ஆயினும், குடியில் ஏற்கெனவே சிக்கிவிட்ட ஒருவர் அதனின்று மீள விரும்பினால் எங்கே செல்வது? அதைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன். இக்கேள்வி உங்களுக்குத் தொலைவானதன்று. உங்கள் அருகே அமர்ந்து பாடம் கேட்கும் நண்பரின் இல்லத்தில், ஏன், உங்கள் இல்லத்திலேயே கூட, அது எழுந்திருக்கலாம்.

1935-ஆம் ஆண்டு மே மாதம். அமெரிக்க நாட்டில், ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகருக்கு, நியூயார்க்கிலிருந்து பில் வில்சன் என்பவர் வணிகத்தின் பொருட்டு வந்திருந்தார். குடியால் வாழ்வு குலைந்து, சில மாதங்களுக்கு முன்னரே அதனை விட்டவர் அவர். வந்த காரியம் கைகூடவில்லை. தங்கியிருந்த விடுதியின் மதுக்கூடம் அவரை ஈர்த்தது. அவரோ தொலைபேசியை நாடினார். பாதிரிமார் சிலரை அழைத்து, தம்மைப்போல் குடியால் துன்புறும் ஒருவரோடு பேசவேண்டும் என்றார். பிறரைத் திருத்துவதற்காக அன்று. தாம் மீண்டும் விழாமல் இருப்பதற்காக!

அவ்வாறு அறிமுகமானவர் டாக்டர் பாப் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவர். கால் மணி நேரமே பேச இசைந்து வந்தவர், பல மணி நேரம் அமர்ந்துவிட்டார். குடியின் தீமையை மருத்துவர் அறியாதவரா? நன்கு அறிந்தவரே. ஆனால், அத்துன்பத்தைத் தாமே பட்ட ஒருவர் அதனைப் பற்றிப் பேசக் கேட்டது அவருக்கு அதுவே முதன்முறை. அதன்பின்னும் அவர் ஒருமுறை வழுக்கி விழுந்தார். பிறகு எழுந்தவர், 1950-இல் மறையும் வரை மதுவைத் தொடவில்லை. அவர் இறுதியாகக் குடித்ததாகக் கருதப்படும் 1935 ஜூன் 10-ஆம் நாளே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' இயக்கம் பிறந்த நாளாகக் கொள்ளப்படுகிறது. 'பெயர் வெளியிடாத குடிநோயாளர்' என்பது அதன் பொருள்.

நம் பழந்தமிழில் ஆற்றுப்படை என்றொரு நூல்வகை உண்டு. வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் பாணன், எதிரே வறுமையோடு வரும் மற்றொரு பாணனைக் கண்டு, தான் சென்ற வழியை அவனுக்கு உரைப்பான். இவ்வியக்கத்தின் கூட்டமும் அத்தகையதே. அங்கே மேடையில் நின்று அறம் உரைப்பார் இல்லை. நடந்து வந்தவர், நடக்க வேண்டியவருக்கு வழி சொல்கிறார். சொல்வதனாலேயே தம் வழியையும் மறவாது காக்கிறார்.

கூட்டம் எவ்வாறு நிகழும்? பெரும்பாலும் ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம் நடக்கும். முதற்பெயர் மட்டும் சொன்னால் போதும். பேச விரும்பாதவர் வாளா கேட்டுக்கொண்டிருக்கலாம். கட்டணம் இல்லை, விரும்பிய உறுப்பினர் இடும் சிறு தொகையே செலவுக்கு உதவும். குடியை நிறுத்தவேண்டும் என்னும் விருப்பம் ஒன்றே சேர்வதற்கு உரிய தகுதி. குடிநோயாளருக்கு மட்டும் உரிய கூட்டங்களும் உண்டு. எவரும் வந்து கேட்கத்தக்க திறந்த கூட்டங்களும் உண்டு. எனவே, செல்லுமுன் எவ்வகைக் கூட்டம் என்று கேட்டறிதல் நன்று. ஒரு கூட்டம் மனத்துக்கு ஒவ்வாவிடில் வேறொன்றுக்குச் செல்லலாம். ஒரே நாளில் பயனை எடைபோடுதல் கூடாது.

இடத்தை அறிவது எப்படி? அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் போதை மீட்பு மையங்களிலும் கேட்கலாம். இந்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. இணையவழிக் கூட்டங்களும் நடைபெறுகின்றன.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் அறிவுக் குழப்பமும் நேர்ந்து, உயிருக்கே இடர் வரலாம். ஆதலால் முதலில் மருத்துவரை நாடவேண்டும். கூட்டம் மருத்துவத்தின் துணை. அதற்கு மாற்று அன்று.

இது வெறும் நம்பிக்கையோ என்று ஐயுறுவோர் உளர். 2020-இல் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தது. நோயாளரை இக்கூட்டங்களுக்கு முறைப்படி ஆற்றுப்படுத்தும் சிகிச்சை, தொடர்ந்து குடியாதிருக்கச் செய்வதில் ஏனைய சில சிகிச்சைகளைவிட மேம்பட்டிருந்தது என்று அது கண்டது. எல்லாரும் மீண்டனர் என்பது இதன் பொருளன்று. மீள்வோர் தொகை கூடிற்று என்பதே.

இனி உங்களுக்கு ஒரு சொல். தந்தை குடித்தால் அந்தப் பழியைப் பிள்ளை தன் தலைமேல் ஏற்றிக்கொள்கிறது. நண்பரை வீட்டுக்கு அழைக்கவும் நாணுகிறது. அவர் குடிப்பதற்கு நீங்கள் காரணரல்லீர். அதனை நிறுத்தும் ஆற்றலும் உங்கள் கையில் இல்லை. குடும்பத்தாருக்கென 'அல்-அனான்' என்னும் அமைப்பு 1951-இலும், இளையோருக்கென 'அலட்டீன்' 1957-இலும் தோன்றின. வீட்டிலுள்ளவர் குடியை நிறுத்தும் வரை காத்திராமல், நீங்கள் அக்கூட்டங்களை நாடலாம். அருகில் அவை இல்லையேல், நீங்கள் நம்பும் ஓர் ஆசிரியரிடம் மனம் திறந்து சொல்லுங்கள். குடிநோய் மறைவில் வளர்வது. துன்பத்தை ஒருவரிடம் உரைத்த நாளே அதன் வலிமை குறையத் தொடங்கும் நாள்.