கட்டளை வரியில் தமிழ்

(அரிமளத்தில் தமிழன்பர் அவையில் ஆற்றப்பெற்ற உரை)



கணிப்பொறியில் இட்ட தமிழ்ப்பெயர் முறிந்து வருகின்றது. ஆகலின் தமிழ் பொறிக்கு ஒவ்வாது என்பார் உளர். குறை மொழியிலா, நிரல் எழுதுவோர் கையிலா என்பதைச் சி மொழி கொண்டே தெளியலாம்.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பெல் ஆய்வகத்தில் தென்னிசு ரிட்சி ஆக்கியது சி மொழி. அதில் எழுதிய ‘எண்ணு’ என்னும் நிரலை, ‘எண்ணு அரிமளம் புதுக்கோட்டை’ என ஏவுவதாகக் கொள்க. யூனிக்சு வழி அமைப்புகளில், கட்டளையை முதலில் ஏற்கும் நிரல் இடைவெளி கண்டு சொற்களைப் பிரிக்கின்றது. சொற்றொகை ‘ஆர்க்சி’ என்னும் எண்ணாகவும், சொற்கள் ‘ஆர்க்வி’ என்னும் வரிசையாகவும் ‘எண்ணு’ நிரலை அடைகின்றன. நிரலின் பெயரும் எண்ணப்படுவதால் தொகை 3. ‘புதுக் கோட்டை’ எனப் பிரித்தெழுதினாலோ தொகை 4! புணர்ச்சி அறிந்து சேர்த்தெழுதுவார்க்கு இத்தொல்லை இல்லை. பிரிந்தே நிற்கவேண்டிய தொடரை மேற்கோட்குறிக்குள் இடுதல் வேண்டும்.

இனி, எழுத்தைக் காண்போம். ‘அரிமளம்’ இலக்கணப்படி ஐந்தெழுத்து. ஒருங்குறியில் இகரக்குறியும் புள்ளியும் தனித்து எண்ணப்படுவதால் குறியீடுகள் 7. யுடிஎப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட்டு. எனவே சொல்லின் நீளம் கேட்டால் சி மொழி 21 என்னும். ஐந்தெழுத்தென்று கருதி 5 பைட்டை வெட்டுவோர்க்குக் கிட்டுவன அகரமும், முறிந்த ரகரமுமே!

விருப்பக் குறிகளைப் பிரிக்கும் ‘கெட்டாப்ட்’ என்னும் செயற்கூறும் ஒரு பைட்டையே ஓரெழுத்தாகக் கொள்வது. ஆகலின் ‘-ஊ’ என்பது அதற்கு விளங்காது. ஆயின் குனு நூலகத்தின் நெடும்பெயர் முறையில் ‘--ஊர்’ என்பது தடையின்றிச் செல்லும். அங்கே ஒப்பிடப்படுவது முழுப்பெயர்.

மற்றுமொரு நுட்பம் உண்டு. ‘புதுக்கோட்டை’யின் ஓகாரக்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக்குறி, கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பைட்டுகளை ஒப்பிடும் நிரலோ, வேறு ஊர் என்று மறுக்கும். ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே வடிவாக்கிக்கொள்ளல் வேண்டும்.

அன்பர்களே! சி மொழி தமிழைத் தடுக்கவில்லை; தந்த பைட்டுகளைத் தந்தவாறே கொண்டு சேர்க்கின்றது. அவற்றை எழுத்தாக எண்ணும் கடமை நிரல் எழுதுவோர்க்கு உரியது. உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் அறிந்தவரே அதனைச் செய்யவல்லார். எனவே, நிரல் கற்கும் தமிழ்ப்பிள்ளைகளுக்கு எழுத்திலக்கணத்தையும் உடன் கற்பியுங்கள்!