நீர் வந்த வழியே ஒரு நாள்



ஊர்களைச் சுற்றிப் பார்ப்பது செல்வர்க்கே வாய்க்கும் இன்பம் என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். அவ்வெண்ணம் சரியன்று. ஐம்பது பேர் சேர்ந்து ஒரு பேருந்தை ஒரு நாளைக்கு அமர்த்திக்கொள்ளுங்கள். புளிச்சோறும் தயிர்ச்சோறும் வீட்டிலிருந்தே கட்டிக்கொள்ளுங்கள். இடமறிந்த வழிகாட்டி ஒருவரை உடன் அழைத்துக்கொள்ளுங்கள். தங்கும் செலவு இல்லை; விடுதிச் சாப்பாட்டுச் செலவும் இல்லை. வாடகையை ஐம்பதாகப் பங்கிட்டால், ஒருவர் பங்கு எளிய குடும்பத்துக்கும் எட்டக்கூடியதாகவே இருக்கும். அதுவும் தர இயலாத தோழன் ஒருவன் இருந்தால், அவன் பங்கைப் பிறர் ஓசையின்றித் தாங்கிக்கொள்ளலாம்.

செலவு குறைந்தால் மட்டும் போதுமா? பயன் மிகுதல் வேண்டும் அல்லவா? ஒரே நாளில் பத்து இடங்களுக்கு ஓடினால் கால்தான் வலிக்கும். ஒரே ஒரு கேள்வியை மனத்திற் கொண்டு புறப்பட்டால் வழி முழுவதும் பாடமாகும். நான் கண்ட ஒரு பயணத்தைக் கொண்டே இதனை விளக்குகிறேன்.

நான் ஓய்வு பெற்ற பின்னர், மதுரையிலிருந்து கம்பம் பள்ளத்தாக்குக்குச் சென்ற மாணவர் குழு ஒன்றுடன் நானும் போனேன். “வைகையில் வரும் நீர் எங்கே பிறக்கிறது?” என்பதே அன்று எங்கள் கேள்வி. “வருசநாட்டு மலையில்” என்று மாணவர் ஒரே குரலில் விடை கூறினர். அது பாதி விடை. மறுபாதியைத் தேடியே பேருந்து விடியற்காலையிற் புறப்பட்டது.

உசிலம்பட்டியைச் சுற்றி, வானம் பார்த்த புன்செய் நிலங்கள் பரந்து கிடந்தன. ஆண்டிபட்டிக் கணவாயைக் கடந்ததும் மேற்குத் தொடர்ச்சி மலை நீல மதில்போல் எழுந்தது. முதலில் வைகை அணையில் இறங்கினோம். 1959ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இவ்வணையின் உயரம் 111 அடி. “இங்கே தேங்குவது வைகை நீர் மட்டும் அன்று, இன்னொரு நதியின் நீரும் இதில் உண்டு. அது எது என்று மாலைக்குள் நீங்களே சொல்வீர்கள்” என்றார் வழிகாட்டி. நல்ல வழிகாட்டி விடையை முன்னரே அவிழ்த்துக் கொட்டுவதில்லை.

தேனியைத் தாண்டியபின் காட்சியே மாறிற்று. இருபுறமும் மலை, நடுவே நெல்லும் வாழையும் தென்னையும். பாண்டியர் வரலாற்றுக்குப் பெருந்துணையாகிய செப்பேடுகள் கிடைத்த சின்னமனூர் வந்தது. சமணச் சிற்பங்கள் பாறையில் விளங்கும் உத்தமபாளையம் வந்தது. பின்னர்க் கம்பத்துத் திராட்சைப் பந்தல்கள் தொடர்ந்தன. “தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மலை தன் மேற்குப் பக்கத்திலேயே இறக்கிவிடுகிறது. நாம் நிற்பது மழை மறைவு நிலம். பிறகு இத்தனை பசுமை எப்படி?” என்று வழிகாட்டி வினவினார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அனைவரும் சன்னல்களை நோக்கினர்.

கூடலூரைக் கடந்து, மலையடியிலுள்ள லோயர் கேம்ப்பில் பேருந்து நின்றது. மலைச்சரிவில் பெருங்குழாய்கள் இறங்கி வருவதைக் கண்டோம். மலைக்கு அப்பால், அரபிக் கடலை நோக்கி மேற்கே ஓடும் பெரியாற்றை அணைகட்டித் தடுத்து, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பியிருக்கிறார்கள். அந்த நீர் குழாய்களில் விழுந்து மின்சாரம் தருகிறது. பின்னர்ப் பள்ளத்தாக்கை நனைத்துச் சென்று வைகையோடு கலக்கிறது. இதுவே மறுபாதி விடை.

1876 முதல் 1878 வரை நிலவிய கொடும் பஞ்சம் தென்னாட்டை வாட்டியது. அதன் பின்னர், 1887இல் தொடங்கிய அணைப்பணி பென்னிகுயிக் என்ற பொறியாளரின் தலைமையில் 1895இல் நிறைவேறியது. காட்டு வெள்ளத்துக்கும் மலைக்காய்ச்சலுக்கும் இடையே உழைத்த கூலியாட்களில் பலர் மாண்டனர். பென்னிகுயிக்கின் மணிமண்டபம் 2013இல் அங்கே திறக்கப்பட்டது. அதன் முன் நின்றபோது, பெயர் தெரியாத அவ்வுழைப்பாளர்களையும் நினைக்குமாறு மாணவரைக் கேட்டுக்கொண்டேன். அணை நிற்பது கேரள மண்ணில். அதன் பாதுகாப்புக் குறித்து அம்மாநில மக்களுக்கு அச்சம் உண்டு என்பதையும், வழக்கு நடந்து 2014இல் உச்சநீதிமன்றம் நீர்மட்டத்தை 142 அடி வரை உயர்த்த இசைந்தது என்பதையும் எடுத்துரைத்தேன். நீரைப் படிப்பவர் அயலார் மனத்தையும் படித்தல் வேண்டும்.

அப்போது மேலூர்ப் பக்கத்து மாணவன் ஒருவன், “ஐயா, எங்கள் ஊர்க் கால்வாய்க்கு வரும் தண்ணீர் இதுதானா?” என்று மெல்லக் கேட்டான். “இதுவேதான், தம்பி. வைகை அணை கடந்து, பேரணையிலிருந்து பெரியாற்றுக் கால்வாய் வழியே உங்கள் ஊருக்கு வருகிறது” என்றார் வழிகாட்டி. சிறிது நேரம் அவன் பேசவில்லை. பிறகு, “கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை என்று அப்பா ஆண்டுதோறும் வருந்துவார். இத்தனை தொலைவு வருகிறதென்று போய்ச் சொல்வேன். வழியில் வீணாக்குவோர்க்கும் இதைச் சொல்ல வேண்டும், ஐயா” என்றான். அன்றைய பயணத்துக்கு நாங்கள் கொடுத்த பணம் அந்த ஒரு சொல்லுக்கே ஈடாகாது.

நண்பர்களே, நீங்கள் புறப்படும்போது ஒரு நிலப்படமும் குறிப்பேடும் எடுத்துச் செல்லுங்கள். மூன்று இடங்களுக்கு மேல் நிற்க வேண்டாம். சன்னலோர இருக்கையை முறை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். கைப்பேசியிற் படம் பிடிக்குமுன் ஒரு நிமிடம் கண்ணாற் பாருங்கள். வழிகாட்டி அறியாத ஒன்றை அவ்வூர் உழவரிடம் கேளுங்கள். திரும்பியதும் ஒரு பக்கமேனும் எழுதிப் பெற்றோருக்குப் படித்துக் காட்டுங்கள்.

நாம் உண்ணும் சோறும், குடிக்கும் நீரும், உடுக்கும் துணியும் எங்கிருந்தோ நமக்காக நடந்து வந்தவையே. அவை வந்த வழியே ஒரு நாள் நாமும் போய்வருவோம். அங்கே உழைப்பவர்க்கு நாம் பட்டிருக்கும் கடனைத் தெரிந்துகொள்ளுதல் எந்த வகுப்பிலும் இதனினும் எளிதாகக் கைகூடாது.