கவனத்தை அளக்கும் கோல்



"இந்தப் பிள்ளைக்குக் கவனமே இல்லை" என்னும் சொல் ஒலிக்காத பள்ளிக்கூடம் இல்லை. சொல்வது எளிது, ஆனால் கவனம் என்பது யாது, அதனை அளப்பது எங்ஙனம் என்று வினவினால் விடை கூறுதல் எளிதன்று. உளநூலார் அதற்கெனச் சோதனைகள் பல வகுத்துள்ளனர். ஒரு நாட்டுக் குழந்தைகளுக்கென வகுத்த சோதனையை மற்றொரு நாட்டுக் குழந்தைகளிடம் கையாளுமுன் செய்யவேண்டுவன எவை? அதனையே இன்று உங்களோடு சிந்திக்க விழைகிறேன்.

எடுத்துக்காட்டாக ஒன்றைக் கொள்வோம். டாம் மேன்லி, இயன் ராபர்ட்சன் முதலிய அறிஞர்கள் 1999-ஆம் ஆண்டில் 'குழந்தைகளுக்கான அன்றாடக் கவனச் சோதனை' என்பதனை ஆங்கிலத்தில் வெளியிட்டனர். 6 முதல் 16 வயதுவரை உள்ளோர்க்குரிய இச்சோதனையில் 9 பகுதிகள் உள்ளன. படத்தில் நிறைந்துகிடக்கும் விண்கலங்களுள் ஒத்த இணைகளைத் தேடுதல் ஒன்று. இடைவெளிவிட்டு எழும் ஒலிகளைச் சோர்வின்றி எண்ணுதல் மற்றொன்று. வேறொரு பகுதியில், 1 என்னும் இலக்கத்தைக் கண்டால் 'இரண்டு' என்றும், 2-ஐக் கண்டால் 'ஒன்று' என்றும் மாற்றிச் சொல்லவேண்டும். தேர்ந்து நோக்கல், நீடித்து நிற்றல், மனத்தை வேண்டியவாறு திருப்புதல் எனக் கவனம் மூவகைப்படும் என்பது அவர்தம் கருத்து.

சோதனையில் குழந்தை பெறும் எண் தனித்து நின்று பொருள் தருவதில்லை. அதே வயதுடைய பிற குழந்தைகளோடு ஒப்பிடும்போதுதான் அதற்குப் பொருள் பிறக்கிறது. மேற்சொன்ன சோதனைக்கு அவ்வாறு ஒப்புநோக்க நின்றோர் 293 ஆஸ்திரேலியக் குழந்தைகள். வேறு மொழியும் வேறு பழக்கமும் உடைய குழந்தையை அவர்களோடு நிறுத்தி, "நீ குறைந்தவன்" என்று தீர்ப்புரைத்தல் முறையாகுமோ?

இவ்வாறு முறைபிறழ்ந்ததன் விளைவை வரலாறு காட்டுகிறது. பிரான்சில் பினேயும் சைமனும் 1905-இல் குழந்தைகளுக்கென வகுத்த அறிவுச் சோதனையை, ஹென்றி காடர்டு என்பார் 1913-இல் நியூயார்க்கை அடுத்த எல்லிஸ் தீவில் வந்திறங்கிய குடியேறிகளிடம் மொழிபெயர்ப்பாளர் துணைகொண்டு நடத்தினார். நெடுங்கடற்பயணத்தால் களைத்தவர்கள் அவர்கள். பள்ளிப் படிப்பு வாய்க்காதவர்களும் அவர்களுள் உண்டு. 1917-இல் வெளிவந்த முதற்கணக்கின்படி, சோதிக்கப்பட்டோருள் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் அறிவு குன்றியோர்! குறை மக்களிடத்தா, கோலிடத்தா?

மொழி செய்யும் மாயம் இன்னும் நுட்பமானது. எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் சோதனையில் வேல்ஸ் நாட்டுப் பிள்ளைகள் அமெரிக்கப் பிள்ளைகளைவிடக் குறைவாகவே பெற்றனர். எல்லிஸ், ஹெனெல்லி என்னும் இருவர் 1980-இல் அதன் காரணத்தை ஆராய்ந்தனர். வேல்ஸ் மொழியில் எண்ணுப்பெயர்களைச் சொல்ல மிகுதியான நேரம் ஆகிறது. இருமொழியும் அறிந்தோர் ஆங்கில எண்களையே மிகுதியாக நினைவிற்கொண்டனர். ஆகவே குறை நினைவாற்றலில் இல்லை. சொல்லின் நீளத்தில் இருந்தது.

நம் தமிழை எண்ணிப் பாருங்கள். ஆங்கிலத்தில் 'ஒன்', 'டூ' என்பன ஓரசையில் முடிகின்றன. நம் 'ஒன்று', 'இரண்டு' அவற்றினும் நீண்டவை. நேரத்தைக் கணக்கிடும் பகுதியில் தமிழ்க் குழந்தை சற்றே பிந்தினால், பிந்தியது நாவா, மனமா என்று ஆராயவேண்டும். இலக்கங்களை உள்ளவாறே படிக்கும் பகுதியும் அச்சோதனையில் இருப்பது நன்மையே. இரண்டு நேரங்களையும் ஒப்பிட்டால் உண்மை ஓரளவு விளங்கும்.

இனி, செய்யவேண்டுவன யாவை? முதலாவது, விதிமுறைகளை மொழிபெயர்த்தல். பின்னர், மூலத்தைக் காணாத ஒருவரைக்கொண்டு அதனை மீண்டும் மூலமொழிக்கு மாற்றி, பொருள் திரிந்ததா எனப் பார்த்தல். இரண்டாவது, சில குழந்தைகளிடம் நடத்தி, அவர்கள் பணியை விளங்கிக்கொண்டனரா என அறிதல். மூன்றாவது, நகரம், சிற்றூர், செல்வர், வறியர் என எல்லாத் தரப்பிலிருந்தும் வயதுவாரியாகக் குழந்தைகளைத் தேர்ந்து நெறியளவு காணுதல். நான்காவது, இடைவெளிவிட்டு மீண்டும் நடத்தி நம்பகத்தை அறிதல். ஐந்தாவது, கவனக் குறைபாடு உடையோர் என மருத்துவர் கண்ட குழந்தைகளைச் சோதனையும் பிரித்துக் காட்டுகின்றதா என நோக்கி ஏற்புடைமையை நிறுவுதல். கவனத்தின் மூவகைப் பாகுபாடு புதிய மக்களிடமும் நிலைக்கின்றதா என்பதும் ஆராயத்தக்கது. சீனக் குழந்தைகளிடையே நிகழ்ந்து 2008-இல் வெளியான ஆய்வு அப்பாகுபாட்டுக்கு ஆதரவு தந்தது. ஆயினும் ஒரு நாட்டில் நிலைத்தமை கொண்டு எல்லா நாட்டிலும் நிலைக்கும் எனத் துணிதல் கூடாது.

"இத்துணைப் பாடு எதற்கு? கூர்ந்து நோக்கும் ஆசிரியர் போதாரோ?" எனச் சிலர் கேட்கலாம். நெடுங்காலம் ஆசிரியப் பணியில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஆசிரியர் கண் குறும்பனை விரைவில் காண்கிறது, அமைதியாக அமர்ந்து மனத்தால் அகன்றுவிடும் பெண்குழந்தையைப் பல வேளைகளில் காண்பதில்லை. ஆதலின் நல்ல சோதனை வேண்டற்பாலதே. ஆனால் அதுவே முடிந்த தீர்ப்பு அன்று. எண் குறைந்தால், முதலில் அக்குழந்தையின் கண்ணையும் செவியையும் பாருங்கள். இரவு உறங்கியதா, காலையில் உண்டதா என்று கேளுங்கள். அதன்பின் மருத்துவரை நாடுங்கள்.

துணியைத் தவறாக அளந்தால் சட்டைதான் கெடும். குழந்தையைத் தவறாக அளந்தால் அதன் வாழ்வே குறுகிப்போகும். கோலைச் சரிபார்த்தபின் குழந்தையை அளப்போமாக.