நோயாளிக்குச் சிகிச்சை, தெருவுக்குப் பாதுகாப்பு

(பாலவாக்கத்தில் இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



போதைப் பழக்கத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தாலே நம்மிடையே இரண்டு குரல்கள் கேட்கின்றன. "பிடித்து உள்ளே போடுங்கள்" என்கிறார் கடைக்காரர். இருட்டிய பிறகு பெண்களும் பிள்ளைகளும் கடற்கரைக்கு நிம்மதியாகப் போய்வர வேண்டுமே என்ற கவலை அவருக்கு. "அவன் நோயாளி, விட்டுவிடுங்கள்" என்று கெஞ்சுகிறார் பெற்ற தகப்பனார். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஒன்றை ஏற்றால் மற்றொன்றைக் கைவிட்டாக வேண்டும் என்று நினைக்கிறோமே, அதுதான் தவறு.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் 27-ஆவது பிரிவின்படி, பயன்படுத்துவதே குற்றம். ஹெராயின் போன்றவற்றுக்கு ஓராண்டு வரையிலும், கஞ்சா போன்றவற்றுக்கு ஆறு மாதம் வரையிலும் சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அதே சட்டத்தில் 64-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையானவர், பயன்படுத்திய குற்றத்திலோ சிறிய அளவு வைத்திருந்த குற்றத்திலோ சிக்கியிருந்து, தாமாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த நிலையத்திலோ சிகிச்சை பெற்றால் அவர்மீது வழக்கு நடத்தப்படாது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் இந்தப் பாதுகாப்பு பறிபோகும். விற்பவனுக்கு இந்தச் சலுகை கிடையாது.

நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பிள்ளை பிடிபட்டதும் தரகரைத் தேடி ஓடுகிறோம். செய்தி வெளியே தெரியாமல் இருக்கப் பணத்தைக் கொட்டுகிறோம். வழக்கு நிலுவையில் இருந்தால் நீதிமன்ற அனுமதியின்றி பாஸ்போர்ட் பெறுவது கடினம். வளைகுடாவுக்குப் போய்க் குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டியவன் வீட்டில் முடங்குகிறான். சட்டம் திறந்து வைத்த கதவைத் தட்ட ஆளில்லை!

"தண்டனையையே எடுத்துவிடலாமே" என்று சில இளைஞர்கள் கேட்கிறார்கள். அப்படிச் செய்து பார்த்த நாடுகள் உண்டு. போர்ச்சுகல் 2001 ஜூலை முதல், பத்து நாள் தேவைக்கு மிகாத அளவு வைத்திருப்பவரைச் சிறைக்கு அனுப்புவதில்லை. ஆனால் அவரைச் சும்மா விடுவதும் இல்லை. ஒரு குழுவின் முன் ஆஜராக வேண்டும். அந்தக் குழு அவரைச் சிகிச்சைக்கு வழிநடத்தும். கடத்தலும் விற்பனையும் அங்கே இன்றும் குற்றமே. போதை ஊசியால் பரவிய எய்ட்ஸ் கிருமித் தொற்று அந்நாட்டில் பெருமளவு குறைந்தது.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலமும் 2021 பிப்ரவரியில் தண்டனையை நீக்கியது. ஆனால் சிகிச்சை வசதிகள் உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. தெருவிலும் பூங்காவிலும் பகிரங்கமாகப் போதை ஏற்றுவதைக் கண்ட மக்கள் கொதித்தார்கள். 2024 செப்டம்பரில் அது மீண்டும் குற்றமாக்கப்பட்டது. பாடம் தெளிவு. சிகிச்சை இல்லாத மன்னிப்பு தெருவைக் கெடுக்கும். தெரு கெட்டால் மக்களின் இரக்கமும் வற்றிப்போகும்.

நம் நாட்டின் நிலை என்ன? 2019-இல் வெளியான எய்ம்ஸ் ஆய்வின்படி, சட்டவிரோத போதைப்பொருளுக்கு அடிமையானவர்களில் ஏறத்தாழ இருபது பேரில் ஒருவரே மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுகிறார். நமக்கு இது தூரத்துச் சங்கதியும் அல்ல. திருவான்மியூரைத் தாண்டினால் இந்திரா நகர். அங்கே 1980-இல் தொடங்கப்பட்ட டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையின் மருத்துவமனை இருக்கிறது. தமிழக அரசும் 2025-இல் 'கலங்கரை' என்ற பெயரில் 25 மீட்பு மையங்களைத் திறந்தது. 14446 என்ற தேசிய உதவி எண்ணுக்குக் கட்டணம் இல்லை. பதிவு பெறாத இடத்தில் பிள்ளையைக் கட்டிப்போட்டு அடிப்பதைச் சிகிச்சை என்று நம்பி ஏமாறாதீர்கள்!

வணிகப் பெருமக்களே! உங்களுக்கும் பொறுப்பு உண்டு. தம் கடையிலோ கிடங்கிலோ இந்தக் குற்றம் நடக்கத் தெரிந்தே இடம் கொடுப்பவருக்கும் அந்தக் குற்றத்துக்குரிய தண்டனையே என்கிறது 25-ஆவது பிரிவு. மருந்துக் கடைக்காரர்கள் டிரமடால், அல்பிரசோலம் போன்றவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. தனிப் பதிவேட்டில் எழுதவும் வேண்டும். கல்விக்கூடத்தைச் சுற்றி 100 கெஜத்துக்குள் சிகரெட், புகையிலை விற்க 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதித்திருக்கிறது. பத்து ரூபாய் லாபத்துக்காக ஒரு தாயின் கண்ணீரை வாங்காதீர்கள்.

போதை தருவது எதுவாயினும் ஹராம். அதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் புகாரியில் பதிவான ஒரு நிகழ்ச்சியை எண்ணிப் பாருங்கள். மது அருந்தியதற்காக ஒருவர் மீண்டும் மீண்டும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கொண்டுவரப்பட்டார். தண்டனை கொடுக்கப்பட்டது. ஆனால் கூட்டத்தில் ஒருவர் அவரைச் சபித்தபோது நபியவர்கள் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று சாட்சியும் சொன்னார்கள். குற்றத்தைக் குற்றம் என்றார்கள், மனிதரைக் கைவிடவில்லை. நாமோ அப்படிப்பட்ட பிள்ளையை ஜமாஅத்தை விட்டே தள்ளி வைக்கிறோம். தள்ளப்பட்டவனை வாரி அணைத்துக்கொள்ள விற்பனைக்காரன் காத்திருக்கிறான்!

எனவே மூன்று வேலைகள். ஒவ்வொரு மஹல்லாவிலும் ஒரு வழக்கறிஞரும் ஒரு மருத்துவரும் உள்ள சிறு குழு அமையட்டும். பிள்ளை சிக்கிய அன்றே 64-ஏ பிரிவைக் காட்டிச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லட்டும். வணிகர்கள் தம் கடைவாசலை விற்பனைக்காரனுக்கு மூடட்டும். தெரிந்த தகவலைக் காவல்துறைக்குத் தரட்டும். கடற்கரைக்கு விளக்கும் ரோந்தும், அருகிலேயே சிகிச்சையும் வேண்டும் என்று மாநகராட்சியிடமும் அரசிடமும் எல்லாச் சமயத்தாரும் சேர்ந்து கேட்போம். கடற்கரை எல்லோருக்கும் பொது. வழிதவறிய பிள்ளையும் நம் பிள்ளைதான்.